எழுத்தரின் கற்பனை

ஜூன் 6, திங்கள்

கோர்ட்டிலிருந்து ஒரு ஃபைல் திரும்பி வந்திருக்கிறது. பதினாறு வருடமாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கிறேன். நான் எழுதியதில் ஒரு கமாவைக்கூட யாரும் மாற்றியதில்லை. ஏட்டு தவமணி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று நான்கு இன்ஸ்பெக்டர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று இப்படி.

விளக்கம் எழுத ஒரு வாரம் அவகாசம். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினால் ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள். கூட்டுறவுச் சங்கம் ஜனவரியில் கொடுத்த டைரி, இத்தனை நாள் அரிசி டின்னுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். இதில் எழுதிப் பார்த்துவிட்டு நல்ல தாளில் எழுதலாம்.

விளக்கம்: மேற்படி சுகந்தி, வயது 29, கணவர் பெயர் கார்மேகம் என்பவர் கடந்த ஏப்ரல் 18-ந் தேதி இறந்தது தொடர்பான அறிக்கையின் முதல் பக்கத்தில் அன்னாருக்கு ஒரு பெண் குழந்தை என்றும், மூன்றாம் பக்கத்தில் இரண்டு ஆண் குழந்தைகள் என்றும் முரணாகக் காணப்படுவது, கணினியில் முந்தைய கோப்பைத் திறந்து தட்டச்சு செய்தபோது ஏற்பட்ட கவனக்குறைவே அன்றி வேறு உள்நோக்கம் ஏதும் இல்லை.

இதுவரை சரி. எல்லா ரைட்டரும் செய்வதுதான். பழைய ஃபைலைத் திறந்தேன், பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், ஊரை மாற்றினேன். குழந்தைகளை மாற்ற விட்டுப்போயிற்று. ஜனவரியில் இறந்துபோன வேறொரு பெண்ணின் பையன்கள் அவர்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா புதிதாக வந்தவர். மூன்று வருடத்தில் இந்த ஸ்டேஷனிலிருந்து போன, தற்கொலை செய்துகொண்ட பதினொரு பெண்களின் மரண அறிக்கைகளையும் எடுத்து வைத்துப் படித்திருக்கிறார். பதினொன்றிலும் 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு, வாழ்க்கையில் விரக்தியடைந்து' என்ற வரி எழுத்து மாறாமல் இருக்கிறதாம். ஓரத்தில் பென்சிலால், 'இந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வயிற்று வலி?' என்று எழுதியிருக்கிறார். சுகந்தியின் தாயாரை மறுபடி விசாரித்து, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே பதிவு செய்து அனுப்ப வேண்டுமாம்.

வயிற்று வலி வராத ஊர் எது? என் தங்கை தனபாக்கியமும் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டுத்தான் இறந்தாள். படித்தவர்களுக்கு எல்லாமே கிண்டல்.

ஜூன் 7, செவ்வாய்

இன்ஸ்பெக்டரிடம் ஃபைலைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை. "யோவ் ரைட்டர், அந்தம்மாவை வரச் சொல்லி ரெண்டு வரி எழுதி ஒரு கையெழுத்தை வாங்கி அனுப்பி விடுய்யா. இதுக்கெல்லாமா எங்கிட்ட வருவ?" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான். சுகந்திக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். ஏழு வருடத்துக்குள் இறந்திருந்தால் வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. வந்து விசாரிப்பார். எட்டு வருடம் என்றால் நாங்கள் எழுதுவதுதான் முடிவு.

குவார்ட்டர்ஸில் மோட்டார் ரிப்பேர். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 9, வியாழன்

சுகந்தியின் அம்மா வந்தார். பெயர் வெள்ளையம்மாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறார். புருஷன் இல்லை, சுகந்தி ஒரே பிள்ளை. நான் தயாராக அடித்து வைத்திருந்த தாளை நீட்டினேன். 'இரண்டு ஆண் குழந்தைகள் என்று இருப்பதை ஒரு பெண் குழந்தை என வாசிக்கவும். மற்றபடி எனது முந்தைய வாக்குமூலத்தில் மாற்றம் இல்லை.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தேன்.

அவர் தாளைத் தொடவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து பழைய அறிக்கையின் நகலை எடுத்து மேசையில் விரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இது எம் மக இல்லையே ஏட்டையா."

"புள்ளைங்க விஷயம்தானம்மா? அதைத்தான் திருத்தியிருக்கேன்."

"புள்ளைய விடுங்க. இதுல எந்த வரில எம் மக இருக்கா? வயித்து வலியாம்ல. செங்கல்லைத் தின்னாலும் செரிச்சிரும் அவளுக்கு. வயித்து வலின்னு யாரு சொன்னது?"

"நீங்கதாம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அன்னிக்கு எம் பிள்ளை பெரியாஸ்பத்திரில கெடந்தா. நீங்க காட்டுன எடத்துல போட்டேன். வெறுந்தாளைக் காட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்."

அன்று நான் காட்டிய தாள் ஏறக்குறைய வெறுந்தாள்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 10, வெள்ளி

காலை பத்து மணிக்கு வந்தவர் இரண்டு மணிக்குத்தான் போனார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் என் வழக்கப்படி எழுதி வாசித்துக் காட்டினேன். "'என் மகளுக்கும் அவரது கணவருக்கும் இடையே அடிக்கடி கருத்து வேறுபாடு ஏற்பட்டு வந்தது.'"

"அப்படின்னா என்னங்க?"

"சண்டைன்னு அர்த்தம்மா."

"சண்டைன்னா ரெண்டு பேரும்ல போடணும்? எம் மக எங்க போட்டா? வாங்கிக்கிட்டா."

அந்தத் தாளைக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். 'கணவர் மனைவியைத் துன்புறுத்தி வந்தார்.' துன்புறுத்தல் என்றால் என்ன என்று கேட்டார். எனக்கே கோபம் வந்தது. "நீங்களே சொல்லுங்க, அப்படியே எழுதுறேன்" என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிரட்டத்தான் சொன்னேன். அவர் மிரளவில்லை, சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சுகந்தி கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டாள், குழம்பை மட்டும் மூன்று தட்டு சாப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு எந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட். பொங்கலுக்கு வந்தபோது கழுத்தில் கன்றிப்போயிருந்த இடத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். "என்னடி கழுத்துல மட்டும் மஞ்ச?" என்று கேட்டதற்கு, "நல்ல நாளும்மா" என்றாளாம். போனில் பேசும்போது கார்மேகம் வீட்டுக்குள் வந்துவிட்டால், "இங்க மழைம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாள்.

"பங்குனி மாசம் பூராவும் அவ வீட்ல மழைங்க. எங்க தெருவுல புழுதி பறக்குது, நாலு மைல் தள்ளி இருக்கிற அவ வீட்ல மட்டும் மழை. நானும் நம்புனேன் ஏட்டையா. வெவரங்கெட்டவ."

இதை 'வாதி மேலும் கூறியதாவது' என்று எழுதினால் மறுபடி பழைய அறிக்கையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை. அவர் சொன்ன சொல்லையே போட்டேன். மூன்றரைப் பக்கம் வந்தது. மேற்படி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. முடித்ததும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 11, சனி

நகலை வீட்டுக்கு எடுத்து வந்து ரஞ்சிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்தைந்து வருடத்தில் ஸ்டேஷன் காகிதம் எதையும் பெண்டாட்டிக்குக் காட்டியவன் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களா எழுதுனீங்க?"

"ஏன், நான் எழுத மாட்டேனா?"

உரித்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினாள். பிறகு, "தனபாக்கியத்துக்கு எப்பங்க வயிறு வலிச்சுச்சு?" என்றாள்.

மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

ஜூன் 13, திங்கள்

இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார், காட்டினேன், போட்டார். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுதியதில் படிக்க என்ன இருக்கப் போகிறது என்ற நம்பிக்கைதான். தபால் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

ஜூன் 16, வியாழன்

மழை. நிஜ மழை.

ஜூன் 21, செவ்வாய்

வழக்கின் பிரிவை மாற்றச் சொல்லி கோர்ட் உத்தரவு. தற்கொலைக்குத் தூண்டியது, மனைவியைக் கொடுமைப்படுத்தியது. கார்மேகத்தை மதியம் அவனுடைய போர்வெல் லாரியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் ரிமாண்ட் காகிதத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். "கதையாய்யா எழுதுற? ரைட்டர்னா உள்ளதைக் காப்பி எடுக்கிறவன்யா! மழையாம், மஞ்சளாம். என் கையெழுத்தைப் போட்டு எனக்கே ஆப்பு வச்சிட்டியே!" கார்மேகத்தின் அண்ணன் ஒன்றியக் கவுன்சிலர். அவர் காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டாராம்.

தலையைக் குனிந்து நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். கோர்ட் தபாலைக் கொண்டுபோகிற கான்ஸ்டபிள் சொன்னான், மாஜிஸ்திரேட் அம்மா அதை இரண்டு தரம் படித்தாராம். அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன், பஸ்ஸில் ஏறவில்லை.

ஜூன் 24, வெள்ளி

ரஞ்சிதம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், தப்பித்திருப்பேன்.

தனபாக்கியத்துக்கு வயிற்று வலி இல்லை. இதை எங்கும் எழுதியதில்லை, சொன்னதும் இல்லை. அவள் இறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். அவள் ஊர் ஸ்டேஷன் ரைட்டர் என்னைப் பார்த்து, "நீ டிபார்ட்மெண்டு ஆளு, விசாரணை அது இதுன்னு போனா உங்க குடும்பத்துக்குத்தான் அசிங்கம். நீயே எழுதிடு தம்பி, நான் சொல்றேன்" என்றார். அவர் சொன்னார், நான் எழுதினேன். அப்பா எங்கே போடணும் என்று கேட்டார், காட்டினேன். அவளுடைய புருஷன் இப்போதும் இருக்கிறான். இரண்டாவது கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வைத்தான்.

நான் எழுதிய முதல் வயிற்று வலி அதுதான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அதன் நகல்.

வெள்ளையம்மாளைப் போல அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பச்சை மாங்காய் பிடிக்கும் என்று எழுதினேன். எல்லாப் பெண்களுக்கும் பிடிக்கும். வேறு எதுவும் வரவில்லை. இருபத்து மூன்று வருடம் நினைக்காமல் இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

ஜூன் 30, வியாழன்

வெள்ளையம்மாள் வந்தார். இளைத்துவிட்டார். பேத்தி யாழினிக்கு ஆறு வயது. அவளைக் கார்மேகத்தின் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். பத்து நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வாசலில் போய் நின்றவரை உள்ளே விடவில்லை. குழந்தை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததாம், கூப்பிடவில்லையாம்.

"மாத்தி எழுதிக் குடுத்தா புள்ளையக் குடுத்துருறேங்கிறாங்க. அவனுக்கு வேற பொண்ணு பாக்குறாகளாம், புள்ளை எங்கிட்ட இருந்தா அவுகளுக்கும் நல்லதாம். பழசையே எழுதிருங்க ஏட்டையா. வயித்து வலின்னே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசுறீங்க? அவ்வளவும் நீங்க சொன்னது. மாஜிஸ்திரேட்டே ரெண்டு தரம் படிச்சிருக்காங்க. உங்க மகளைப் பத்தி அப்படி ஒண்ணு இனிமே யாரு எழுதுவா?"

"உங்க எழுத்து நல்லா இருக்குங்கிறதுக்காக எம் பேத்தியை விட்டுர முடியுமாய்யா?" என்றார்.

சுகந்தியை என் மகளைப் போல நினைத்துத்தான் பேசினேன் என்று எழுதலாம். அது பொய். அந்த மூன்றரைப் பக்கத்தை நினைத்துத்தான் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 1, வெள்ளி

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். யூனிஃபார்ம் போடாமல் போனேன். மனு கொடுங்கள், உரிய விசாரணைக்குப் பின் விதிகளுக்குட்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும் என்றார் அங்கிருந்தவர். பத்து மாதமா, ஒரு வருடமா என்று கேட்டேன். அதே வரியை மறுபடி சொன்னார். அந்த வரியை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2, சனி

இன்ஸ்பெக்டர் வழி சொல்லிவிட்டார். கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார் என்பது சொல்லாமலே தெரிந்தது. கோர்ட்டுக்குப் போன வாக்குமூலத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் வெள்ளையம்மாள் மறுவாக்குமூலம் கொடுக்கலாம். 'முந்தைய வாக்குமூலத்தில் உள்ளவை நான் சொன்னவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத என்னிடம் வாசித்துக் காட்டாமல், நிலைய எழுத்தர் தம் கற்பனையாக எழுதிக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டார்.' அது போனால் கார்மேகத்துக்கு ஜாமீன், பிறகு வழக்கே நிற்காது. என் மேல் துறை நடவடிக்கை.

"பதினாறு வருஷமா ஒரு வரி சொந்தமா எழுதாத ஆளுய்யா நீ. உன்னைப் போயி கற்பனைன்னு எழுத வேண்டியிருக்கு பாரு" என்று சிரித்தார். பிறகு, "திங்கட்கிழமை நீயே உன் கையால எழுதிரு. நீ எழுதுனாத்தான் பக்காவா இருக்கும்" என்றார்.

ரஞ்சிதத்திடம் சொன்னேன். "இன்கிரிமெண்ட்டை நிறுத்துவாங்க. ஆயுதப்படைக்குத் தூக்கி அடிப்பாங்க" என்றேன். அவள், "அந்தப் புள்ளை சாப்பிடுதா?" என்று கேட்டாள்.

ஜூலை 4, திங்கள்

எழுதினேன். ஒரு பக்கம்தான். அடித்தல் திருத்தல் இல்லை. 'எழுத்தரின் கற்பனை' என்று எழுதும்போது பேனா நிற்கவில்லை, வழக்கம்போல ஓடியது. அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளையம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். வாசலில் கவுன்சிலரின் கார் நின்றது. பின்சீட்டில் குழந்தை, கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்கள். கையெழுத்தானதும் இறக்கி விடுவார்கள். இன்ஸ்பெக்டர் கவுன்சிலரைத் தம் அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாளை நீட்டினேன். பெருக்கல் குறி எதுவும் போடவில்லை. அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுனது உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றார்.

"நகல் இருக்கும்மா."

"இதுல கையெழுத்துப் போட்டா அது பொய்யுன்னு ஆயிரும்ல?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி ஒருக்க வாசிங்களேன்."

அன்றைக்கு எழுதி முடித்ததும் நான் வாசித்துக் காட்டவில்லை. புதிதாக எழுதிய பொய்த் தாளில் அந்த ஒன்று மட்டும் உண்மை. இப்போது வாசித்தேன். குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கோழிக்குழம்பு வந்த இடத்தில் தலையை ஆட்டினார். மழை வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பத்திக்கு வந்தேன். 'இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் மகள் போனில் அழுதபடி என்னிடம் பேசினாள்.'

"அழுகலைங்களே" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே ஏட்டையா. அன்னிக்கு அவ சிரிச்சுச் சிரிச்சுல்ல பேசுனா. புள்ளை பல்லு விழுந்ததை, அதை அது ஒளிச்சு வச்சதை, எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ்வளவு சிரிச்சு நான் கேட்டதே இல்லை. அதனாலதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் சொல்லவில்லைதான். சாவதற்கு முந்தின நாள் என்றால் அழுதுதான் இருப்பாள் என்று நானாக எழுதியது அது. அந்த மூன்றரைப் பக்கத்தில் என் சொந்தக் கற்பனை அந்த ஒரு சொல்தான். எத்தனையோ ஃபைலில் எழுதிப் பழகிய அழுகை.

கோர்ட்டில் இருக்கும் தாளை இனி எதுவும் செய்ய முடியாது. கையிலிருந்த நகலில் 'அழுதபடி' என்பதை ஒரே கோட்டால் அடித்தேன். மேலே 'சிரித்தபடி' என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் தேதியையும் போட்டேன். அவர் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, "இதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு மற்றத் தாளைத் தம் பக்கம் இழுத்து, எழுத்துக்கூட்டி, வெள்ளையம்மாள் என்று கையெழுத்துப் போட்டார். வெளியே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.